பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் புது வீடு: வெக்கை, காற்று, மண், கரண்டு பில் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் எனத் தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதியது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம் இது. சென்னைக்கோ கொச்சிக்கோ போட்ட பிளானை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது.

கையில இருக்கிற பணம் அளவாத்தான் இருக்கு. முதல்ல எதுல போடணும்?

கூரையில். நாம் இருப்பது ஏறத்தாழ பத்தரை பாகை வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மறுபடி ஆகஸ்ட் 25 வாக்கில் வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆக, வருஷத்தின் பெரும்பகுதி வெயில் விழுவது மொட்டைமாடியில்தான். வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்தபிறகு கீழே விட ஆரம்பிக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே சிலுசிலுவென்று காற்று வீச, உள்ளே ஃபேன் அனல் காற்றை இறக்குவது அதனால்தான்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். பிறகு ஜன்னல், சன்சேடு. அதன்பிறகு ஃபேன், விளக்கு. சோலார் கடைசி. கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்கள் விற்பது சோலார்.

கூரைச் சூட்டைக் குறைக்க என்னென்ன வழி இருக்கு?

வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-ல் வந்தது. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு அது வைத்த எல்லை, யூ-மதிப்பு 1.2 வாட் (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு). ஐந்து அங்குல வெறும் தளம் இதைப்போல மூன்று மடங்குக்குக் கிட்டத்தட்ட வரும்.

நம்பகமான வழி, தளத்துக்கு மேலே எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டி நுரைப் பலகை பதிப்பது. 25 மி.மீ. கனம் போட்டாலே 1.2-க்குள் வந்துவிடும், 50 மி.மீ. போட்டால் அதில் பாதியாகும். வரிசை முக்கியம்: தளம், அதன்மேல் வாட்டர் புரூஃபிங், அதன்மேல் பலகை, அதன்மேல் கோழிவலை வைத்து 40 மி.மீ. கலவை, கடைசியாக வெள்ளை ஓடு. தண்ணீர் ஓட 60 அடிக்கு ஓரடி வாட்டம். பலகையைத் தளத்துக்கு அடியில் ஒட்டலாமே என்பார்கள். அப்படிச் செய்தால் தளம் நாள் முழுக்கக் காய்ந்து விரிந்து சுருங்கும். கீறல் விட்டு ஒழுகும். பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மாகோலை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அடர்த்தி போதாமல் அமுங்கும், தண்ணீர் குடிக்கும்.

பழைய முறையான சுண்ணாம்பு–செங்கல் ஜல்லித் தளம் நல்ல முறைதான். 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, சராசரி 3 அங்குலக் கனம். கடுக்காய்–கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, கட்டை அடித்தால் எகிறும் வரைக்கும் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும், மேலே தட்டை ஓடு பதிக்க வேண்டும். மழைத் தண்ணீருக்கு இது நல்ல காவல். சூட்டுக்கு இது மட்டும் போதாது. இப்போது பல இடத்தில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து, அடிக்காமலே பரப்பிவிட்டு அதே பெயரைச் சொல்கிறார்கள். அது இரண்டு கோடையில் வெடிக்கும்.

காசு குறைவு என்றால் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட். அடித்த வருஷம் பலன் நன்றாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் கிழக்கேயிருந்து வரும் வறண்ட காற்று புழுதியைக் கொண்டுவந்து படியவைக்கும். வெள்ளை மங்கினால் பலனும் மங்கும். கோடைக்கு முன் மாடியைக் கழுவிவிட வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

கேரளாவுல மாதிரி மாடிக்கு மேல இரும்புச் சட்டம் (டிரஸ்) போட்டு ஷீட் வேயலாமா?

வேயலாம். தளத்துக்கு நிழல், துணியும் தேங்காயும் காய இடம், மழைக்குக் காப்பு, மூன்றும் கிடைக்கும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். அடைத்தால் நடுவில் சூடு தேங்கும். இங்கே பயப்பட வேண்டியது காற்றின் மேல்தூக்கு. கைப்பிடிச் சுவர்மேல் பைப்பை நட்டு வெல்டு வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தூண் கம்பியோடு பிடித்த பேஸ் பிளேட்டில் நிற்க வேண்டும். தளம் போடும்போதே போல்ட்டை விட்டுவைத்தால் பிறகு துளையிட வேண்டியதில்லை. மங்களூர் ஓடு வேய்வதானால் 30 பாகைச் சாய்வு, சதுர மீட்டருக்கு 15 ஓடு. தாழ்வார வரிசையையும் முகட்டு வரிசையையும் கம்பியால் கட்ட வேண்டும். ஆடிக் காற்று முதலில் கை வைப்பது அந்த இரண்டு வரிசையில்தான். அனுமதி பெற்ற பிளானில் இதையும் காட்டிவிடுங்கள்.

ஃபில்லர் ஸ்லாப் போட்டால் தளம் பலமாக இருக்குமா?

முறையாகப் போட்டால் இருக்கும். தளத்தின் கீழ்ப்பாதியில் உள்ள கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை. அதைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் கான்கிரீட்டைக் குறைத்து மண் ஓடுகளை வைப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரவலாக்கினார். 1985-ல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இன்றும் இந்த முறையில் கட்டுகிறது. கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று வைத்தாலும், ஆயிரம் சதுரடித் தளத்தில் சுமார் 80 கன அடி குறையும். சிமெண்டில் சொன்னால் 18 மூட்டை.

கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு ஏற்ப இன்ஜினியர் வரைந்து தர வேண்டும். மேஸ்திரியின் கண்ணளவு போதாது. பழைய ஓடு என்றால் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காததை ஒதுக்குங்கள். இரண்டு ஓடுகளை முகத்துக்கு முகம் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்றறை கிடைக்கும். போடுவதற்கு முன் ஓட்டை ஊறவைக்க வேண்டும்; உலர்ந்த ஓடு கலவையின் தண்ணீரை உறிஞ்சி, ஓட்டைச் சுற்றிக் கான்கிரீட்டைப் பொறுபொறுப்பாக்கிவிடும். சுவரோரமாக ஓரடி, பீம் மேல், குளியலறை, வெளியே நீட்டிய சன்சேடு, இங்கெல்லாம் ஓடு வைக்கக் கூடாது. கான்கிரீட் போடும் அன்று சித்தாள்கள் நடக்கப் பலகை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடு காலடியில் உடையும். வைப்ரேட்டர் ஊசி ஓட்டில் முட்டாமல் பட்டைகளில் மட்டும் இறங்க வேண்டும்.

காற்றறை இருந்தாலும் இது தனியாக அந்த யூ-மதிப்பு 1.2-ஐ எட்டாது. மேலே பலகையோ நிழலோ வேண்டும்.

மேற்கே ஜன்னல் வைக்கலாமா, வேண்டாமா?

இந்தக் கணவாய்க்கே உரிய சிக்கல் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காற்று மேற்கேயிருந்து வருகிறது. பொல்லாத வெயிலும் அதே மேற்கேயிருந்துதான். மார்ச் கடைசியில் மாலை நாலரை மணி வாக்கில் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது நாலடி உயர ஜன்னலை முழுக்க நிழலில் வைக்க ஏழடிச் சன்சேடு வேண்டும். இரண்டடிச் சன்சேடு மேற்கே அலங்காரம்தான்.

அதனால் ஏழெட்டு அடித் திண்ணையோ தாழ்வாரமோ போட்டு, அதன் உள்சுவரில் ஜன்னல் வையுங்கள். காற்று வரும், வெயில் வராது, சாரலும் கட்டிலை நனைக்காது. இடமில்லை என்றால் மேற்கு ஓரத்தில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை நிறுத்தி, நடுவே துளைகள் விட்ட ஜாலிச் சுவர் வைக்கலாம். தென்னை இந்த வேலைக்கு உதவாது. மட்டை உயரத்தில் இருக்க, சாய்ந்த வெயில் அடியில் புகுந்து வரும். பதினைந்து அடி தள்ளிப் புங்கன் வைத்தால் நாலைந்து வருஷத்தில் சுவருக்கு நிழல் ஏறும்.

காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேயும் போக வேண்டும். மேற்கே வரும் வழியைவிடக் கிழக்கே போகும் வழி சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அடுப்படி மேற்கே இருந்தால் தாளிக்கும் வாசனை கூடமெல்லாம் பரவும். தென்கிழக்கு அக்னி மூலை காற்றின் கீழ்ப்பக்கம் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் வாஸ்துவும் காற்றும் ஒத்துப்போகின்றன.

தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் நண்பகலில் இரண்டடிச் சன்சேடு மேலிருந்து மூன்றடியை மறைக்கும். வடக்கே ஜூன் நண்பகலுக்கு ஓரடியே போதும், காலை மாலைச் சாய்வெயிலுக்குப் பக்கவாட்டுப் பட்டை உதவும்.

ஜன்னல் எவ்வளவு பெரிசு?

நம்முடையதுபோல் வெக்கையும் ஈரமும் கூடிய மண்டலத்துக்குத் திறக்கும் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அதே எக்கோ நிவாஸ் சம்ஹிதா. 120 சதுரடி அறைக்கு 20 சதுரடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் பார்வைக்கு 16, திறப்பது 8-தான். கதவு போலத் திறக்கும் ஜன்னலையே கேளுங்கள்.

சுவருக்கு எது நல்லது? செங்கல்லா, ஏஏசி பிளாக்கா, மண் கட்டியா, வெட்டுக்கல்லா?

எந்த இடத்துச் சுவர், பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. நூறு கிலோமீட்டர் லாரியில் வரும் ‘பசுமை’ப் பொருளில் டீசல் புகையும் சேர்ந்தே வருகிறது.

நல்ல செங்கல் கிடைத்தால் எலிப்பொறிக் கட்டு என்கிற ரேட் டிராப் பாண்டு. கல்லைக் குத்துவாக்கில் வைத்து, ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குலம் போல வெற்றிடம் விடுவது. வழக்கமான சுவரில் சதுரடிக்குப் பத்துப் பதினொரு கல் போகும், இதில் எட்டு. 1,500 சதுரடிச் சுவருக்கு நாலாயிரம் கல் மிச்சம், கலவையும் குறையும், வெற்றிடத்துக் காற்று சூட்டைத் தடுக்கும். கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணல் கல்லில் இது வராது. கலவை வெற்றிடத்துக்குள் விழுந்து நிரம்பிவிடுவதுதான் பெரிய கோளாறு. மூன்று அங்குல மர ரீப்பரை வெற்றிடத்தின்மேல் வைத்துக் கலவை போட்டு, அதை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ், தளத்துக்குக் கீழ், கதவு ஓரம், மூலை ஆகிய இடங்களில் அடைத்துக் கட்ட வேண்டும். கரண்டுக் குழாயைக் கட்டும்போதே உள்ளே விடுங்கள். பிறகு வெட்டினால் குத்துக்கல் பெயர்ந்துவிடும்.

ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) எடை குறைவு, சூட்டைத் தடுப்பதில் செங்கல்லைவிட மேல். மேற்குச் சுவருக்கு மட்டும் இதைப் போடுவதும் நல்ல யோசனைதான். ஒட்டுவது அதற்கென்ற பசைக் கலவையில், மூன்று மி.மீ. இணைப்பில். சாதாரணக் கலவையை அப்பினால் பாதிப் பயன் போச்சு. தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் ஃபைபர் வலை ஒட்டாவிட்டால் அந்தக் கோட்டில் கீறல் நிச்சயம். தரைக்கு அடியிலும் ஓதம் ஏறும் இடத்திலும் இது வேண்டாம்.

அழுத்திய மண் கட்டிக்குச் செம்மண் வேண்டும், சிமெண்ட் 5 முதல் 8 சதவீதம். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல், வண்டல், களி தனித்தனிப் பட்டையாகப் படியும்; களி ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மணல் சேர்க்க வேண்டும். கரிசல் மண் இதற்கு ஆகாது. கட்டியை நிழலில் 28 நாள் பதப்படுத்த வேண்டும், தாழ்வாரம் இரண்டடி நீண்டிருக்க வேண்டும்.

வெட்டுக்கல் கணவாய்க்கு மேற்கே மலப்புறம் பக்கத்துச் சொத்து. பாலக்காட்டுக்கு மேற்கே இருப்பவர்களுக்குச் சரி. பொள்ளாச்சிக்குக் கொண்டுவருவது வீண்.

எங்க இடம் கரிசல். அஸ்திவாரத்துக்கு என்ன பண்றது?

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியிலும் எல்லைக்கு இந்தப் பக்கமும் கரிசல் பட்டை உண்டு. மழையில் உப்பும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாதாரணக் கடைக்கால் போட்ட வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் ஓடுவது இதனால்தான். களி ஆழம் குறைவு என்றால் அதைத் தோண்டித் தாண்டி, கெட்டி மண்ணில் கடைக்கால் நிற்கட்டும். குழியைத் தோண்டிய அதே கரிசலால் நிரப்பாதீர்கள். கிராவல் மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஆழம் அதிகம் என்றால் அண்டர் ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்), அதன்மேல் பீம். பீமுக்கு அடியில் மண் உப்ப இடைவெளி விட வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்றடித் தளவரிசை போட்டு மழைத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். குளிக்கிற தண்ணீரை வாழைக்கு விடுவது நல்லதே, ஆனால் இந்த மண்ணில் சுவரோரமாக வேண்டாம். மரமும் தள்ளியே நிற்கட்டும்.

மண் பரிசோதனைக்குச் செலவா என்று தயங்குகிறவர்கள், கீறல் விழுந்த வீட்டுக்குக் கடைக்கால் பலப்படுத்த ஆகும் செலவை ஒரு இன்ஜினியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிசா வேணும்?

தமிழ்நாட்டுப் பக்கம் 2003 முதலே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் அதைவிடப் பெரிய காரணம் உண்டு: போர் தண்ணீரில் ஃபுளோரைடு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர் என்று கணக்குப் போடுங்கள். ஐந்து பேருக்கு ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் வீதம், மழையில்லாத 120 நாளுக்கு 6,000 லிட்டர். 10,000 லிட்டர் ஃபெரோசிமெண்ட் (கம்பிவலையில் கலவை பூசிய) தொட்டி தாராளம். ஆயிரம் சதுரடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால், வீணானது போக ஏழாயிரம் லிட்டருக்கு மேல் வரும்.

முதல் மழையைத் தள்ளிவிடும் அமைப்பில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கூரையைக் கழுவ ஒரு மி.மீ. மழையாவது வேண்டும்; ஆயிரம் சதுரடிக்கு அது 90 லிட்டருக்கு மேல். ஆறடி நீளத்துக்கு நாலங்குலக் குழாய் ஒன்றை நிறுத்தி ‘ஃபர்ஸ்ட் ஃபிளஷ்’ என்கிறார்கள். அதற்குள் பிடிப்பது பதினைந்து லிட்டர்கூட இல்லை. 200 லிட்டர் டிரம் வையுங்கள், அடியில் சிறு குழாய் திறந்து மெல்ல வடியட்டும். டிரம் நிரம்பிய பிறகே ஜல்லி, மணல், கரி வடிகட்டிக்குப் போக வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் அடித்த மாடித் தண்ணீரைக் குடிக்க எடுப்பதானால், அந்தப் பெயிண்ட் குடிநீருக்கு ஏற்றதா என்று டப்பாவைப் பாருங்கள்.

சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்?

முதலில் தேவையைக் குறையுங்கள். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள். ஐந்து ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 160 யூனிட் குறையும். இதைச் செய்த பிறகு பில்லைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுரடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்குச் சுமார் நாலு யூனிட் வரும். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். பேனல் தெற்கே பார்த்து 10 பாகைச் சாய்வில் இருக்கட்டும். அதற்குக் கீழே படுத்தால் புழுதி மழையில் கழுவிப் போகாது. ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் உற்பத்தி குறையும். மட்டையே பேனல்மேல் விழும் வாய்ப்பும் உண்டு, ஆகவே தோப்புக்குள் வீடு என்றால் இடத்தைத் தேர்ந்த பிறகே ஆர்டர்.

சோலார் ஹீட்டர்?

உப்புத் தண்ணீர் போர் என்றால் கண்ணாடிக் குழாய் மாடல். செப்புக் குழாய் மாடலில் உப்பு படிந்து அடைக்கும். அதுதான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்ததாகப் பாருங்கள்.

எந்த சிமெண்ட்?

வீட்டு வேலைக்கு பி.பி.சி. போதும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பதால் சுட்ட கிளிங்கர் குறைவு, புகையும் குறைவு. ஆனால் மெல்ல இறுகும். வழக்கமாக ஏழு நாளில் தண்ணீர் கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள், பி.பி.சி.க்குப் பத்து நாள், நம் காற்றுக்கும் வெயிலுக்கும் பதினான்கு நாள். தளத்தில் பாத்தி கட்டுங்கள், தூணுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள்.

கேரளப் பக்கம் இடம் வாங்கும்போது பார்க்க வேண்டியது?

கிராம ஆபீஸ் பதிவில் ‘நிலம்’ என்றால் வயல், ‘புரையிடம்’ என்றால் மேட்டுநிலம். 2008-ன் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி டேட்டா பேங்க் எனும் அரசு வயல் பட்டியலில் உள்ள வயலில் மண்ணடித்து வீடு கட்ட முடியாது. சொந்த வீட்டுக்குப் பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரை தனி அனுமதி கேட்க வழி இருக்கிறது. கிடைக்கும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பசுமை வீட்டுச் சான்றிதழ் வாங்கணுமா?

குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு அவசியமில்லை. சான்றிதழ் தரும் கிரிஹா, ஐ.ஜி.பி.சி. அமைப்புகளின் பட்டியல்களை நீங்களே சரிபார்க்கும் கேள்வித்தாளாக வைத்துக்கொள்ளலாம்.

எங்க மேஸ்திரி இதெல்லாம் செஞ்சதில்லைங்கிறார்.

எலிப்பொறிக் கட்டை முதலில் காம்பவுண்டுச் சுவரில் பத்தடி கட்டச் சொல்லுங்கள். கை பழகும், கெட்டாலும் நஷ்டமில்லை. ஃபில்லர் ஸ்லாப் என்றால் அதைச் செய்த கம்பி வேலைக்காரர் ஒருவரை அந்த இரண்டு நாளுக்கு மட்டும் அழைத்து வாருங்கள். பாலக்காடு, திருச்சூர் பக்கம் ஆள் கிடைக்கும். கூலியைச் சதுரடிக்குப் பேசாமல் இந்த இரண்டு வேலைக்கும் நாள் கூலியாகப் பேசுங்கள். சதுரடிக் கணக்கில் பேசினால் ரீப்பரை நகர்த்தவும் ஓட்டை ஊறவைக்கவும் யாருக்கும் பொறுமை இருக்காது.